வாழை பழகிக்கொள்ளாது

"வாடல் நோய் வந்த வயலிலேயே தொடர்ந்து நட்டால், வாழை தானாகவே எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும்" என்கிறார் நண்பர். அம்மை போட்ட பிள்ளைக்கும் வாழைக்கும் வித்தியாசம் இல்லை என்று நினைத்துவிட்டார் போலும்.

எதிர்ப்பு என்பது மரபணுவில் இருக்க வேண்டும். விதையால் பெருகும் பயிரில் ஒவ்வொரு செடியும் கொஞ்சம் வேறு. நோயில் தப்பியதன் விதை அடுத்த தலைமுறைக்குப் போகும். ரஸ்தாளி வாழைக்கோ விதையே கிடையாது. பக்கக்கன்று தாயின் நகல். தாய் வாடிய மண்ணில் மகளும் வாடுவாள். போதாததற்கு, அந்தக் கன்றின் கிழங்கிலேயே வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் பயணமாகும். மண்ணில் அதன் வித்துகள் பல ஆண்டுகள் உறங்கும். ஆக, நாம் நடநடப் பெருகுவது நோய்தான்.

லத்தீன் அமெரிக்காவில் குரோ மிஷேல் வாழையைப் பல பத்தாண்டுகள் விடாமல் நட்டார்கள். அது பழகவில்லை, இதே வாடல் நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. 1960 வாக்கில் ஏற்றுமதிச் சந்தையை கேவண்டிஷ் என்ற வேறு ரகம் பிடித்துக்கொண்டது. இப்போது பூஞ்சணத்தின் புதிய வகை, டிஆர்4, அந்தக் கேவண்டிஷையும் வாட்டுகிறது. பாடம் கற்றது எது, வாழையா பூஞ்சணமா?

நகலிலும் அபூர்வமாக மாற்றம் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தைவானில் திசு வளர்ப்புக் கன்றுகளில் அப்படித் தோன்றியவற்றில் நோயைத் தாங்குபவற்றைத் தேடிப் பொறுக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டு வாழையின் மரபணுவை கேவண்டிஷில் சேர்த்தார்கள். 2024இல் அதற்கு அனுமதி கிடைத்தது. இரண்டிலும் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

விவசாயிகளே, வாடிய தோப்பின் கன்றை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.