நெடுஞ்சாலையை விட்டு இறங்குவோம்

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வழியே காரில் நெடுந்தூரம் செல்லும் குடும்பங்கள் பயணத்துக்கு முன்பே பலவற்றைத் திட்டமிட்டு விடுகின்றன. எங்கே தங்குவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, எந்த ஊரில் எதைப் பார்ப்பது என்றெல்லாம் எழுதி வைத்துக்கொள்கின்றன. எங்கே உண்பது என்பதை மட்டும் பசியின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. பசி எடுக்கும் நேரத்தில் சாலையோரம் உயர்ந்து நிற்கும் பெயர்ப்பலகை எதுவோ, அதுவே அன்றைய உணவாகிவிடுகிறது. வேறு பகுதிகளில் இதனால் பெரிய இழப்பில்லை. தென் மாநிலங்களில் இழப்பு உண்டு. அந்த மண்ணின் தலைசிறந்த உணவாகிய பார்பெக்யூ, நெடுஞ்சாலையின் விளிம்பில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதற்காகச் சில மைல் தொலைவு விலகிச் செல்ல வேண்டும். அப்படி விலகிச் செல்வது நாவின் சுவைக்காக மட்டுமன்று என்பதே நம் கருத்து.

பார்பெக்யூ என்றதும் இரும்புக் கம்பியில் இறைச்சியைச் செருகித் தீயில் வாட்டும் காட்சியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. தென் மாநிலங்களில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே தீயைவிடப் புகையும் நேரமுமே முதன்மையானவை. விறகை எரித்துத் தணலாக்கி, ஏறத்தாழ 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையிலான மிதமான வெப்பத்தில் இறைச்சியை மணிக்கணக்கில் கிடத்தி வைக்கிறார்கள். பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் அடுப்பில் கிடப்பது வழக்கம். நெஞ்சுக்கறி இயல்பில் கடினமானது. அதிலுள்ள இணைப்புத் திசு மெல்ல இளகிக் கூழ்மமாக மாறிய பின்னரே கறி மென்மை பெறும். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் ஈரம் வற்றிச் சக்கையாகிவிடும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அடுக்களையில் கிடைக்காது.

இத்தகைய உணவை, வாடிக்கையாளர் வந்து கேட்டபின் சமைத்துத் தர இயலாது. நாளை நண்பகல் பரிமாற வேண்டியதற்கு இன்றிரவே அடுப்பு மூட்ட வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து அந்த அளவுக்கே இறைச்சி வைக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். நெடுஞ்சாலைக் கடையோ எந்த நேரத்தில் எவர் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் தட்டை நீட்டுவதாக வாக்களிக்கிறது. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் அமைவது அரிது.

சாலை மாறியது, ஊர் ஒதுங்கியது

இன்றைய இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்த சட்டம் 1956இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் இயற்றப்பட்டது. அதற்கு முன்பிருந்த சாலைகள் சிற்றூர்களின் கடைவீதி வழியாகவே சென்றன. பயணி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஊரைப் பார்த்தே ஆக வேண்டும். புதிய நெடுஞ்சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போயின. பயணம் விரைவாயிற்று; கடைவீதிகள் ஆளற்றுப் போயின. நகரங்களில் நேர்ந்தது இன்னும் கொடியது. மயாமியின் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்ஸின் கிளைபோர்ன் அவென்யூ போன்ற கறுப்பின மக்களின் வணிக வீதிகள் மீதே நெடுஞ்சாலைகள் எழுப்பப்பட்டன. நாம் மணிக்கு எழுபது மைல் வேகத்தில் கடந்து செல்லும் மேம்பாலத்தின் அடியில், ஒரு காலத்தில் உணவகங்களும் கடைகளும் நிறைந்த தெரு இருந்திருக்கலாம்.

டெக்சாஸில் இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையின் அருகே லூலிங் என்னும் சிற்றூர் உள்ளது. நெடுஞ்சாலையை ஒட்டி, 2024இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 75,000 சதுர அடிப் பரப்புள்ள பக்கீஸ் என்னும் பெருங்கடை நிற்கிறது. தூய்மையான கழிப்பறை, எரிபொருள், தின்பண்டம், நறுக்கிய பிரிஸ்கெட் வைத்த ரொட்டி என எல்லாம் அங்கு உண்டு. சில மைல் உள்ளே சென்றால் ஊரின் நடுவே சிட்டி மார்க்கெட் என்னும் பழைய பார்பெக்யூ கடை இருக்கிறது. புகை படிந்த தனி அறைக்குள் சென்று, அடுப்பின் அருகிலேயே இறைச்சியை எடை போட்டுக் கசாப்புத் தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெருங்கடையை நாம் பழிக்கவில்லை. களைத்து வரும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அது ஒரு வசதியே. ஆனால் எரிபொருளை அங்கே நிரப்பிக்கொண்டு, உணவுக்கு ஊருக்குள் செல்வதை எது தடுக்கிறது? பத்து நிமிடச் சோம்பல் தவிர வேறொன்றுமில்லை.

நல்ல கடையை அறிவது எவ்வாறு?

பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கடையின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே விறகு அடுக்கப்பட்டிருக்கிறதா? அந்த அடுக்கு அன்றாடம் எடுத்துப் பயன்படுத்தப்படுவதாகத் தெரிகிறதா, அல்லது அழகுக்காக வைத்ததுபோல் சிலந்தி வலை படிந்திருக்கிறதா? டெக்சாஸின் நடுப்பகுதியில் போஸ்ட் ஓக் விறகும், டென்னசி, அலபாமா, கரோலினா பகுதிகளில் ஹிக்கரி விறகும் மிகுதியாக எரிக்கப்படுகின்றன. எரிவாயு அடுப்புக்கு மாறிவிட்ட கடைகள் பல. விறகுக்கு ஆகும் செலவும் இரவு விழிக்க ஆள் கிடைக்காத துன்பமும் அவர்களை மாற்றியிருக்கின்றன. ஆயினும் விறகில் சமைப்பவர், "எதில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்டால் முகம் மலர்ந்து விடை சொல்வார்.

உணவுப் பட்டியல் குறுகியதாக இருப்பது நல்ல அறிகுறி. வாரத்தில் சில நாள்கள் மட்டுமே திறந்திருப்பதும், "தீர்ந்துவிட்டது" என்ற அறிவிப்பைத் தொங்கவிடத் தயங்காததும் நல்ல அறிகுறிகளே. டெக்சாஸின் லெக்சிங்டன் ஊரிலுள்ள ஸ்நோஸ் என்னும் கடை சனிக்கிழமை மட்டுமே திறக்கும். அதுவும் காலை எட்டு மணிக்கு. டெக்சாஸ் மன்த்லி இதழ் 2008இல் அதை மாநிலத்தின் முதன்மைக் கடையாக அறிவித்தது. அதன் அடுப்பைப் பேணிப் புகழ்பெற்ற டூட்ஸி டோமனெட்ஸ் 1935இல் பிறந்த மூதாட்டி. இத்தகைய கடைக்குச் செல்ல விரும்புவோர் கடையின் நேரத்துக்கு ஏற்பத் தம் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டுமே அன்றி, தம் பயணத்துக்கு ஏற்பக் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

பன்றி இறைச்சி உண்ணாதவர் எங்கே செல்வது?

இது நம்மவர் பலர் முன்வைக்கும் வினா. வரைபடத்தை அறிந்தால் விடை எளிது. வட கரோலினாவில் பார்பெக்யூ என்றாலே பன்றி இறைச்சிதான். கிழக்கே முழுப் பன்றி, மேற்கே லெக்சிங்டன் வட்டாரத்தில் அதன் தோள்கறி. தென் கரோலினாவிலும் மெம்பிஸிலும் பெரும்பாலும் அதுவே. டெக்சாஸில் மாட்டிறைச்சி அரசாள்கிறது. ஆஸ்டினுக்குத் தெற்கேயுள்ள லாக்ஹார்ட் ஊரில் கிராய்ட்ஸ் மார்க்கெட் 1900 முதலும், பிளாக்ஸ் 1932 முதலும் இயங்கிவருகின்றன. 1999இல் கிராய்ட்ஸ் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் இட்டுத் தெரு வழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினார்கள். அலபாமாவின் டிகேட்டரில் 1925இல் தொடங்கிய பிக் பாப் கிப்சன் கடை, புகையில் வெந்த கோழியை மயோனைசும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாற்றில் தோய்த்துத் தருவதால் பெயர் பெற்றது. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோ நகரம் செம்மறியாட்டுக் கறியைப் புகையில் வாட்டுவதற்குப் பெயர் போனது. ஆட்டுக்கறியில் வளர்ந்த நம் நாவுக்கு அது அயல் சுவையாகத் தோன்றாது.

ஆனால் மாட்டிறைச்சி என்பதாலேயே ஒன்று ஹலால் ஆகிவிடுவதில்லை. அறுப்பு முறை குறித்து ஒவ்வொருவரும் தத்தம் நிலைப்பாட்டைப் புறப்படுமுன்பே தெளிவாக்கிக்கொள்வது நலம். பசியோடு வரிசையில் நிற்கும்போது மார்க்கத் தீர்வு தேடுவது முறையன்று. அதற்கப்பால் கடையில் கேட்க வேண்டிய வினாக்களும் உண்டு. சாசேஜில் இரண்டு இறைச்சியும் கலந்திருக்கலாம். அவரையிலும் கீரையிலும் பன்றித் துண்டு போட்டு வேகவைப்பது அங்கே பரவலான வழக்கம். ஒரே அடுப்பில் மேல்தட்டில் பன்றி வெந்தால் அதன் கொழுப்பு கீழ்த்தட்டில் சொட்டும். வெட்டும் பலகையும் கத்தியும் பொதுவாக இருக்கலாம். இவற்றைப் பணிவோடு கேட்பதில் நாணம் வேண்டாம். தம் தொழிலில் தேர்ந்தவர் இத்தகைய வினாவால் புண்படமாட்டார். இறைவனின் அருளால் இன்று ஹூஸ்டன், டல்லாஸ் வட்டாரங்களில் ஹலால் இறைச்சியையே புகையில் வாட்டித் தரும் கடைகளும் உள்ளன. அவற்றைப் பயணப் பாதையில் சேர்த்துக்கொள்வது நம் கடமை. ஆதரவின்றி எந்தக் கடையும் நிலைக்காது.

மேசையில் எவருக்கு இடமிருந்தது?

சுவையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அமெரிக்கத் தெற்கின் பார்பெக்யூவில் அம்மண்ணின் பூர்வகுடிகளின் அறிவும், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் கலந்திருக்கின்றன. பண்ணை முதலாளிகளின் விருந்துகளுக்கு இரவெல்லாம் கண்விழித்துத் தணல் அள்ளிப் போட்டவர்கள் அவர்களே. ஆனால் சமைத்த கைகளுக்கு மேசையில் இடமில்லை.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பெக்யூ என்னும் உணவகம் இருந்தது. அதன் ஊழியர்களில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மக்கள். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே அமர்ந்து உண்ண முடியாது. வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அக்கடை வழக்குத் தொடுத்தது. இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையிலிருந்து பதினொரு தெருக்கள் தள்ளி இருந்த உள்ளூர்க் கடைதான் அது. எனினும் அது வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு வெளி மாநிலத்திலிருந்து வந்த இறைச்சி என்பதைச் சுட்டி, சட்டம் அதற்கும் பொருந்தும் என அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் கரோலினாவின் பிக்கி பார்க் உணவகங்களின் உரிமையாளர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறுவது தம் சமய நம்பிக்கைக்கு முரண் என்று வாதிட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைப் பொருட்படுத்தத் தகாததென ஒதுக்கியது.

மார்க்கத்தின் பெயரால் வாழ முனையும் நமக்கு இதில் பாடம் உண்டு. உண்ணக்கூடாததை விலக்குவதற்கு நம்பிக்கை காரணமாகலாம். உடன் அமர்ந்து உண்ணும் மனிதரை விலக்குவதற்கு நம்பிக்கையைக் காரணமாக்குவது அநீதி. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு விளக்க, அத்தகைய பயணத்தைவிடப் பொருத்தமான தருணம் வேறில்லை.

ஆர்கன்சாவின் மரியானா என்னும் சிற்றூரில் ஜோன்ஸ் பார்பெக்யூ டைனர் இருக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பம் நடத்தும் மிகப் பழைமையான உணவகங்களுள் ஒன்று அது. 2012இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றது. 2021 பிப்ரவரியில் தீக்கு இரையாயிற்று. பலரின் உதவியால் அவ்வாண்டிலேயே மீண்டெழுந்தது. அங்கே விற்பது பன்றி இறைச்சி என்பதால் நாம் உண்ண இயலாது. எனினும் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் காத்த நெருப்பை மதிக்க, அதன் உணவை உண்டாக வேண்டும் என்பதில்லை.

"நேரம் இல்லை, குழந்தைகள் பொறுக்கமாட்டார்கள், தேடிப் போன கடை மூடியிருந்தால் என்ன செய்வது?" என்போர் உண்டு. நியாயமான கவலைதான். அதற்காகத்தான் திட்டமிடுதல் வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு ஒரு கடை போதும். முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, திறந்திருக்கிறதா, என்ன இறைச்சி, எப்போது தீரும் என்று கேட்டுக்கொள்ளலாம். நண்பகலுக்கு முன் சென்று சேரலாம். குழந்தைகளுக்குக் கொறிக்கச் சிறிது கையில் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு செய்தும் கடை மூடியிருந்தால் ஓர் ஊரைப் பார்த்த பயனாவது மிஞ்சும்.

அடுத்த பயணத்தில் ஒரே ஒருமுறையேனும் இதைச் செய்து பாருங்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, விறகு அடுக்கிய ஒரு கடையின் முன் வண்டியை நிறுத்துங்கள். இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு நன்றி சொல்லி, உரிய விலை கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பிள்ளைகளோடு அமர்ந்து நிதானமாக உண்ணுங்கள். அன்று மாலை அரை மணி நேரம் தாமதமாகச் சேருவீர்கள். அந்த அரை மணி நேரத்தை எவரும் குறையாகச் சொல்லப்போவதில்லை.