கழலாத குடம்

சென்ற கோடை விடுமுறையில் நாம் ஒரு கிராமத்து நண்பரின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய தந்தையார் வாங்கிய டிராக்டர் ஒன்று கொட்டகையோரத்தில் பல்லாண்டுகளாய்க் கிடந்தது. மழைக்கு முன் உழுதாக வேண்டும். வாடகை உழவுக்குக் கையில் பணமில்லை. எஞ்சின் எப்படியோ உயிர்பெற்று விட்டது. ஆனால் பின் அச்சில் எண்ணெய் ஒழுகிற்று. அதை நிறுத்த வேண்டுமானால் அச்சின்மேல் செருகியுள்ள இரும்புக் குடத்தைக் கழற்ற வேண்டும். குடமோ இம்மியும் அசையவில்லை.

நண்பரின் தம்பி சம்மட்டி எடுத்து அச்சின் முனையை ஓங்கி ஓங்கி அடித்தார். பலன், முனையின் மரை நசுங்கியதுதான்.

மறுநாள் டவுனிலிருந்து ஒரு முதிய மேஸ்திரி வந்தார். குடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு நாளில் இறுகினதில்லையே! ஒரு நாளில் கழலச் சொன்னால் எப்படி?" என்றார். அவருடைய இடக்கையில் சுண்டுவிரல் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்கிறது. அச்சுக்கும் குடத்துக்கும் நடுவேயுள்ள மயிரிழை இடைவெளியில் அது ஆப்புப் போல் இறுகிவிடுகிறது. சம்மட்டி அடியின் வேகம் மரையையும் உள்ளிருக்கும் பேரிங்கையும் கெடுக்குமேயன்றி, இந்த ஆப்பை எளிதில் அசைக்காது.

மேஸ்திரி முதலில் அச்சுக்கூட்டின் அடியில் கனத்த மரக்கட்டைகளை அடுக்கினார்; ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் கை நீட்டலாகாதாம். பிறகு டயரோடு கூடிய சக்கரத்தைக் குடத்திலிருந்து பிரித்து அப்பால் உருட்டச் செய்தார். சூடேறினால் டயர் வெடித்து ஆளைக் கொல்லும் என்றார். நசுங்கிய மரையை அரத்தால் சீர்படுத்தி, துருவை உரசி நீக்கி, இடுக்கில் மெல்லிய எண்ணெய் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் காலையும் மாலையும் எண்ணெய் விடுவதே நமக்கு இட்ட வேலை.

மூன்றாம் நாள் எண்ணெய்ப் பசை முழுவதையும் துடைத்து, புல்லரைப் பூட்டித் திருகினார். நெருப்பைக் குடத்தைச் சுற்றிச் சமமாகக் காட்டினார், அச்சின்மேல் படவிடவில்லை. இதன் கணக்கு நாம் வகுப்பில் கற்பிப்பதே. ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு இரும்பு ஏறத்தாழ 1,00,000-இல் 1 பங்கு விரியும். 80 மில்லிமீட்டர் துவாரமுள்ள குடம் 150 டிகிரி சூடேறினால் துவாரம் சுமார் 0.12 மில்லிமீட்டர் அகலும். அதாவது ஒரு தாளின் கனம்! அச்சும் சேர்ந்து சூடேறினால் அதுவும் விரிந்துவிடும், லாபம் போய்விடும்.

நம் ஊர்க் கொல்லர்கள் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டியதும் இதே சாஸ்திரந்தான். பட்டையைக் காய்ச்சி விரியச் செய்து மாட்டி, நீர் ஊற்றி இறுக்குவார்கள். அங்கே பிடிக்கச் செய்த நெருப்பு, இங்கே விடுவிக்கிறது.

கழற்றிய நட்டை மேஸ்திரி மறுபடியும் அச்சின் முனையில் சில மரை ஏற்றி வைத்திருந்தார். காரணம் கேட்டோம். தம் இடக்கையைக் காட்டி, "வாத்தியாரையா, இருபது வயதில் நட்டை வைக்காமல் திருகினேன். குடம் பாய்ந்து வந்தது" என்றார். எல்லோரையும் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கச் சொன்னார். சற்றுத் திருகல், சற்றுச் சூடு, குடத்தின் பக்கத்தில் ஒரு தட்டல். திடீரென 'டணார்' என்ற ஓசை. குடம் பாய்ந்து, அந்த நட்டில் மோதி நின்றது. நட்டு இல்லாவிடில் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்கிற்று.

ஆறிய பின் சூட்டில் கெட்ட எண்ணெய் சீலை மாற்றி, அச்சைத் துடைத்துக் கிரீஸ் பூசிக் குடத்தை ஏற்றினார். அடுத்து கழற்றுகிறவன் தம்மை வாழ்த்துவான் என்று சிரித்தார். முதல் மழைக்கு மறுநாள் நண்பர் உழுதார்.

உலோகம் விரியும் கணக்கை நாம் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அந்த நட்டை அங்கே வைக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றியிராது. பிள்ளைகள் பட்டம் பெறட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் விடுமுறையில் சில நாளாவது இத்தகைய மேஸ்திரி ஒருவரின் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கட்டும். கையில் கரி படிந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம்.