வலிக்கிற காலும் வலிக்காத காலும்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கிறதா? நாலு அடி நடந்ததும் கொஞ்சம் குறைகிறதா? அப்படியென்றால் உங்களுக்காக எங்கோ ஒரு மெஷின் காத்திருக்கிறது.

கண்ணாடித் தட்டு மாதிரி இருக்கும். வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்வார்கள். பக்கத்து ஸ்கிரீனில் உங்கள் பாதம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். "பாருங்க சார், இந்த இடம் பூரா ரெட். உங்களுக்கு ஃப்ளாட் ஃபுட். அளவெடுத்து கஸ்டம் இன்சோல் போட்டே ஆகணும். இல்லேன்னா முட்டி போயிடும், அப்புறம் இடுப்பு." விலை சில ஆயிரம். கூட வந்த குழந்தையையும் மேலே ஏற்றிவிட்டால் பில் இரண்டு.

சிவப்பு என்பது நோய் அல்ல. உங்கள் எடை எங்கே அழுத்தமாக இறங்குகிறது என்று காட்டும் நிறம், அவ்வளவுதான். குதிகாலிலும் முன்பாதத்திலும் எல்லோருக்கும் சிவக்கத்தான் செய்யும். நாம் அதன்மேல்தானே நிற்கிறோம்! சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர வளைவு வந்துவிடும். வராவிட்டாலும், வலி இல்லாத, வளைந்து கொடுக்கிற தட்டைப் பாதத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

சரி, குதிகால் வலிக்கு எது நல்லது? சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற ரெடிமேட் இன்சோலா, அளவெடுத்துச் செய்ததா? இதை ஆஸ்திரேலியாவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில் 135 பேர். ஒரு பிரிவுக்கு ஒப்புக்கு ஒரு மெல்லிய ஸ்பான்ஞ், ஒரு பிரிவுக்கு ரெடிமேட், ஒரு பிரிவுக்கு அளவெடுத்துச் செய்தது. 3 மாதத்தில் ரெடிமேடும் அளவெடுத்ததும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் ஓரளவு உதவின. ஓராண்டு முடிந்தபோது மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், குதிகால் வலிக்கு அளவெடுத்தது ரெடிமேடைவிட உசத்தி என்று சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். இன்சோல் ஷூவுக்குள் வைக்கிற பொருள். நம்மில் பாதிப் பேர் செருப்புக்காரர்கள். ஷூ போடுகிறவர்களும் அதை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். காலை 5 மணியிலிருந்து டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்கிற பெண்ணுக்கு, வாசலில் கிடக்கிற ஷூவுக்குள் இருக்கிற இன்சோல் என்ன செய்யும்? "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று முகம் சுளிக்காமல் அவருக்கு மெத்தென்ற ஒரு வீட்டுச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். கெண்டைக்கால் தசையை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகும் சில மாதம் வலி விடாவிட்டால் டாக்டரிடம் போகலாம். முதல் நாளே சில ஆயிரத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் அளவெடுத்துச் செய்வதே மோசடியா? இல்லவே இல்லை. அது உயிர் போகிற அவசியமாக இருக்கிற மனிதர்கள் உண்டு. அவர்களுக்குக் கால் வலிக்காது. அதுதான் சிக்கல்.

சர்க்கரை நோய் வருஷக்கணக்கில் இருந்தால் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றினால் பாதம் கொப்பளிக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். நடக்கும்போது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து, கால் ஆணி மாதிரி தடித்து, உள்ளே புண்ணாகும். கடைசியில் விரலை எடுக்கணும், காலை எடுக்கணும் என்பார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று கணக்கிட்டது.

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதே நம் ஊரிலிருந்துதான். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். விரல்களை நோய் நேரடியாகத் தின்பதில்லை; வலி தெரியாததால் படுகிற காயங்கள்தான் தின்கின்றன. வலி ஒரு காவல்காரன் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வேலூர் பக்கத்தில் உள்ள கரிகிரி ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் செருப்பு செய்வது வைத்தியத்தின் ஒரு பகுதி. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு இங்கே பிரபலமானது இப்படித்தான்.

இப்போது எம்.சி.ஆர். என்ற பெயரில் எதை எதையோ விற்கிறார்கள். நீங்களே சோதிக்கலாம். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அடிப்பக்கம் முள் ஏறாத கெட்டித் தட்டு வேண்டும். பின்னால் வார் வேண்டும், இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாது. ஆணி அடித்திருக்கவே கூடாது.

உணர்ச்சி மட்டும் குறைந்து, பாதத்தின் வடிவம் மாறாமல் இருந்தால் சரியான சைஸில் இந்தச் செருப்பு போதும். விரல் மடங்கியிருந்தால், எலும்பு துருத்தியிருந்தால், ஒரு தடவை புண் வந்து ஆறியிருந்தால், விரலை எடுத்திருந்தால், அவருக்குக் கட்டாயம் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

நடப்பது என்ன? தலைகீழ். வலிக்கிறவர் பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறார், அவர் தலையில் விலை உயர்ந்ததைக் கட்டுகிறார்கள். வலிக்காதவர் கடைப் பக்கமே போவதில்லை. அவருக்கு பிளாட்பாரத்தில் வாங்கிய ரப்பர் செருப்பு. வலியை வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு வலி இல்லாத வாடிக்கையாளர் எதற்கு?

இதில் நம் பங்கும் இருக்கிறது. அடுத்தவர் காலைத் தொட்டு, தடவி, வடிவம் பார்த்துச் செருப்பு செய்கிற தொழிலைச் சாதி வைத்துக் கீழே தள்ளிய சமூகம் இது. கையால் தொடுகிற மனிதரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். தொடாத மெஷின் சொன்னால் கார்டைத் தேய்ப்போம். நிஜமாக அளவெடுப்பவர் உங்கள் காலைத் தொடாமல் இருக்கவே முடியாது. மூட்டை அசைத்துப் பார்ப்பார், நடக்கச் சொல்வார், பழைய செருப்பின் தேய்மானத்தைப் பார்ப்பார், கால் பதிவை அச்செடுப்பார், சில வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார். மெஷினில் நிற்க வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினால் அது ரெடிமேட். அதற்கு ரெடிமேட் விலைதான் கொடுக்க வேண்டும். "புதுசா செய்யறீங்களா, இருக்கறதை எடுத்துத் தர்றீங்களா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் ஒரு வேலை. கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் விரலால் ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தடவாதீர்கள். மொத்தம் 6 இடம். 2 இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அடுத்த முறை டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு காலையும் நீட்டச் சொல்லுங்கள்.

ஆசீர்வாதம் வாங்கத்தான் அப்பா அம்மா காலைத் தொட்டுப் பழக்கம் நமக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதற்காகவும் தொடுங்கள்.