கயிறு தளர்ந்தது யாரால்?

கிறிஸ்தவர்களிடம் விசுவாசம் குறைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவோர் அருகிவிட்டனர் என்ற புலம்பல் பிரசங்க மேடைகளில் ஓயாமல் கேட்கிறது. சினிமா, டெலிவிஷன், செல்போன், அரசியல் என்று குற்றவாளிகளின் பட்டியலும் வாசிக்கப்படுகிறது. பிழைப்புத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களாகிய நாம் இந்தப் பட்டியலை அப்படியே ஏற்பதற்கில்லை.

நாம் வாழும் இந்த மண்ணின் கதையையே பாருங்கள். 1653 ஜனவரி 3ஆம் நாள், போர்த்துக்கேயக் குருமாரின் ஆதிக்கத்துக்கு இனிக் கட்டுப்படோம் என்று மார்த்தோமா கிறிஸ்தவர்கள் மட்டாஞ்சேரியில் சத்தியம் செய்தார்கள். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ய எல்லோருக்கும் இடம் போதவில்லை. ஆகவே சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அந்தப் பாரத்தில் சிலுவையே வளைந்தது என்பது வழிவழியாக வரும் கதை. கூனன் குரிசுச் சத்தியம் என்ற பெயரும் அதனால்தான் வந்தது. அவர்களை அங்கே இழுத்து வந்தது எது? கட்டளையா, அபராதமா? இல்லை. இது நம்முடைய சபை, இதில் நமக்குச் சொல் உண்டு என்ற உணர்வுதான்!

அதே கொச்சியில் இன்று நடப்பது என்ன? குருவானவர் பூசை செய்யும்போது மக்களைப் பார்த்து நிற்பதா, பீடத்தைப் பார்த்து நிற்பதா என்ற தகராறு, 2021இல் சீரோ மலபார் சபையின் ஆயர் மன்றம் எடுத்த முடிவுக்குப் பின் முற்றியது. 2022 நவம்பரில் எர்ணாகுளம் பசிலிக்கா மூடப்பட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பீடத்தின் அருகிலேயே கைகலப்பு! சமாதானத்தின் பிறந்த நாளில் இதைக் கண்ட பிள்ளைக்கு எந்த ஞானோபதேசம் விசுவாசத்தை ஊட்டும்?

நம் தாய்நாட்டின் பக்கம் திரும்பினாலும் தலைகுனிவுதான். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் சாதிப் பாகுபாடு தாங்காமல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒரே அப்பத்தை உண்போர் ஒரே பாதையில் சவத்தைச் சுமக்கக் கூடாது என்றால், அந்த அப்பத்துக்கு என்ன பொருள்?

அதிகாரம் ஆலயத்தைக் காக்காது என்பதற்கும் கொச்சியே சாட்சி. 1663இல் இக்கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்க ஆலயங்களை இடித்தார்கள்; பிரான்சிஸ் ஆலயத்தைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று அவர்களுடைய நாட்டிலேயே, மாஸ்ட்ரிக்ட் நகரில், பழைய தொமினிக்கன் ஆலயம் ஒன்று புத்தகக் கடையாக இருக்கிறது. கல்லும் காரையும் நிற்கும். மனிதர் விலகிவிட்டால் அது வெறும் கட்டிடம்.

நம் சங்கத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. பூசைக்குப் போ என்றோ போகாதே என்றோ சங்கம் யாருக்கும் சொல்லாது. ஆனால் ஒன்று சொல்வோம். ஆறு நாள் மூட்டை சுமந்தவன் ஏழாம் நாளும் கூலிக்குப் போகிறான் என்றால், அவன் விசுவாசத்தைச் சோதிக்கும் முன் அவன் அடுப்பைப் பாருங்கள். தாய்மொழியில் ஜெபிக்கப் பழகிய கிழவிக்கு மாதம் ஒரு தமிழ்ப் பூசையாவது வேண்டும். வரியும் காணிக்கையும் வாங்குகிற பங்கு, கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும். கல்லறையில் சாதிக்கு ஒரு மூலை இருக்கக் கூடாது.

நம் குடும்பங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழுக்கும், பள்ளிக்கூடச் சேர்க்கைக்கும், ஆறடி மண்ணுக்கும் மட்டும் கோவில் வாசலை மிதிப்பது விசுவாசம் ஆகுமா? அது ரேஷன் கார்டு! நம்புகிறவர்கள் உள்ளே போய் உட்காருங்கள். உட்கார்ந்து நியாயம் கேளுங்கள். கேட்கும் உரிமை கிடைத்தால் கூட்டம் தானே வரும். 1653இல் கயிற்றைப் பிடித்தவர்களை யாரும் மணியடித்துக் கெஞ்சி அழைக்க வேண்டியிருக்கவில்லை.