பாடநூல் இலவசம், பசி யாருடைய பொறுப்பு?

இலவசக் கல்வியைப் பற்றிப் பெருமை பேசாத அரசியல்வாதி இலங்கையில் இல்லை. 1945 இல் கட்டணம் ஒழிந்தது. 1980 இல் பாடநூல் இலவசமாயிற்று. 1993 இல் சீருடையும் வந்தது. பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தையும் உடலிலுள்ள உடையையும் தன் கடமையென ஏற்ற அரசு, வயிற்றை மட்டும் தருமக் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இது மிகையான பேச்சன்று. 1989 இல் பிரேமதாச ஆட்சி ஆரவாரத்துடன் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நீடிக்கவில்லை. போருக்குப் பின் வடக்கின் பாடசாலைகளில் உலை கொதித்தது பெரும்பாலும் உலக உணவுத் திட்டத்தின் உதவியால். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பிடி சோறு மிக அவசியமாயிருந்த அந்த நெருக்கடியிலேதான் பல பாடசாலைகளில் சமையல் தடைப்பட்டது. உரிமையாயிருந்தால் நிறுத்தியிருக்க முடியாது. தருமம் என்றபடியால் நிறுத்த முடிந்தது.

2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் உணவு என அறிவித்தார்கள். நல்லது. ஆனால், அந்த உணவை யார் சமைக்கிறார்கள்? பெரும்பாலும் அயலிலுள்ள ஏழைப் பெண்கள். அரிசி, பருப்பு, மரக்கறி, தேங்காய், விறகு யாவற்றையும் முதலில் தம் கைப்பணத்தில், அல்லது கடைக் கொப்பியில் கடன் எழுதி வாங்குகிறார்கள். கொடுப்பனவு மாதக்கணக்கிற் பிந்துகிறது என்ற முறைப்பாடு நம் பத்திரிகைகளுக்குப் புதிய செய்தியன்று. கோடிக்கணக்கில் வரவு செலவுத் திட்டம் போடும் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவள் ஒரு கிராமத்துத் தாய்!

கடன் ஏற ஏறக் கோப்பை சுருங்குகிறது. சுற்றறிக்கையில் முட்டை, நெத்தலி, கீரை, பழம் எல்லாம் உண்டு. கோப்பையில் சோறும் நீர்த்த பருப்பும் மிஞ்சுகின்றன. வயிறு நிரம்பும், ஆனால், வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் இரும்புச் சத்தும் கிடைக்கா. இரத்தசோகையுள்ள பிள்ளை வகுப்பிற் சோர்ந்து கிடந்தால், ‘கவனம் இல்லை’ என்று தேர்ச்சி அறிக்கையில் எழுதுகிறோம்.

மலையகத்தைப் பாருங்கள். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இந்தப் பிள்ளைகளே பின்னர் தரம் ஒன்றுக்கு வருகிறார்கள். தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வெறுந்தேநீரைக் குடித்துவிட்டுப் பாடசாலைக்கு நடக்கிறார்கள். உணவோடு அருந்தும் தேநீர், உள்ள இரும்புச் சத்தையும் உடல் உறிஞ்சவிடாது தடுக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை.

தரம் 5 உடன் பசி முடிந்துவிடுவதுமில்லை. பூப்பெய்தும் வயதில் பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து முன்னரிலும் கூடுதலாக வேண்டும். அந்த வயதிலா உணவை நிறுத்துவது?

‘பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றோரின் கடமை’ என்று சிலர் உபதேசிக்கிறார்கள். புத்தகம் வாங்குவதும் ஒருகாலத்தில் பெற்றோரின் கடமையாகவே இருந்தது. அதை அரசு ஏற்றதால் எந்தப் பெற்றோரும் சோம்பேறியாகிவிடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை படித்தது.

நாம் கேட்பவை இவை. பாடசாலை உணவைச் சட்டப்படியான உரிமையாக்குங்கள். சமைப்பவர்களுக்கு மாதத் தொடக்கத்திலேயே முற்பணம் கொடுங்கள். ஓர் உணவுக்கான தொகையைச் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்துங்கள். தோட்டப்புறத்துக்கும் போரால் நலிந்த பிரதேசங்களுக்கும் முதலிடம் கொடுத்து, தரம் 5 இற்கு அப்பாலும் விரியுங்கள்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். தாம் படித்த பாடசாலைக்கு வளைவும் மண்டபமும் கட்டுவதில் உங்களை யாரும் விஞ்ச முடியாது. அயற்கிராமத்துச் சிறிய பாடசாலையின் சமையலறைக்குக் கூரையும் குடிநீரும் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆனால், உங்கள் கொடை அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு இலவசக் கல்வி என்பது எழுத்தில் மட்டுமே இலவசம்.