ஜரிகைக்குள் என்ன இருக்கிறது?
‘ஒரிஜினல் காஞ்சிபுரம்’ என்று பலகை மாட்டாத பட்டுக்கடை ஏது? ஜரிகை இழையைச் சுரண்டிப் பாருங்கள். அசலென்றால் உள்ளே பெரும்பாலும் சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதன்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். போலியில் செம்போ பாலியெஸ்டரோ பல்லிளிக்கும். 2004-ல் வந்த ‘சில்க் மார்க்’ அட்டை, பட்டு சுத்தமா என்று மட்டுமே சொல்லும். ஜரிகைக்கோ கைத்தறிக்கோ அது ஜாமீன் இல்லை. விற்பவருக்கு இது தெரியும்; வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இடைவெளியில்தான் நடிகையை வைத்து விளம்பரம் ஓடுகிறது. அந்தச் செலவில் துளி போதும்: வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, கைத்தறியா விசைத்தறியா என்று பில்லிலேயே அச்சடித்துத் தரலாம். சேலையின் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைக் கரைக்கு, வழக்கமாகத் தறியில் நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார வேண்டும். அவர்கள் கூலியும் பில்லில் தெரியட்டுமே!