ரமளான் ரசீது மட்டும் போதுமா?

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

ஷஃபான் பிறந்தால் நம் அறக்கட்டளைகள் ரசீதுப் புத்தகத்தைத் தூசி தட்டுகின்றன. பள்ளிப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை கடை கடையாக ஏறி இறங்குகிறோம். பெருநாள் பிறை தெரிந்ததும் வசூல் முடிந்தது! மற்ற பதினோரு மாதம்? விதவையின் அடுப்பு ரமளானில் மட்டும் எரிந்தால் போதுமா?

2020ஐ மறந்துவிட்டீர்களா? மார்ச் 25இல் ஊரடங்கு. ஒரே மாதத்தில் ரமளான். பள்ளிவாசலும் கடைவீதியும் ஒருசேர மூடிக் கிடந்தன. ஒரே வாசலை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் விற்றுப் பங்கிடவில்லை. நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி, நிலம் நிலைத்திருக்க, விளைச்சல் ஏழைக்குச் சேர வழி செய்தார்கள். அதுவே வக்ஃபு!

நம் முன்னோர் விட்டுச் சென்ற வக்ஃபுகளின் கதி என்ன? நாடெங்கும் 4.9 லட்சம் வக்ஃபுகள். ஆண்டு வருமானம் 163 கோடி ரூபாய்தான் என்றது 2006இல் சச்சார் குழு. முறையாகப் பயன்படுத்தினால் 12,000 கோடி கிடைக்கும் என்றதும் அதே குழுதான். ஆக்கிரமிப்பாளர்களைச் சாடுவது சரி. வக்ஃபு கடையில் தாத்தா காலத்து வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார்? நம்மவர் இல்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனை ஆலைகள்! பெரிய லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. நாம் எப்போதாவது கேட்டோமா?

கேட்க வேண்டுமானால் பதிவு வேண்டும், தணிக்கை வேண்டும். ஒரு சமயத்தாருக்கு மட்டும் என்று பத்திரம் எழுதினால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்காது. எனவே கல்விக்கும் மருத்துவத்துக்கும் தனி அறக்கட்டளை அமைப்போம். பள்ளிப்பட்டுத் தறிக்காரர் எந்தச் சமயத்தவரானாலும் அவர் பிள்ளைக்கும் அங்கே இடமிருக்கட்டும்.

'ஜகாத் இருக்கிறதே' என்பீர்கள். அது அதற்குரிய எட்டு வகையினருக்கு. மற்றப் பணிகளுக்கு மாதச் சந்தா, நியாயமான கடை வாடகை, ஆலைகளின் பங்கு என்று பல வாசல்களைத் திறப்போம். கடைக்கு மாதம் 100 ரூபாய் வீதம் 50 கடைகள் தந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். செல்வந்தர் ஒருவர் கையை விரித்தாலும் பணி நிற்காது!

இளைஞர்களே! வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் எழுதச் சொல்லுங்கள். கணக்குக் கேட்பது குற்றமல்ல; கணக்கில்லாமல் வசூலிப்பதுதான் குற்றம்.

வரும் ஜும்ஆவிலேயே தொடங்குவோம்!